ஃபேனைத் திருப்பிப் போட்டால் காற்று திரும்புமா?

மலேசியாவின் செபராங் பிறைப் பக்கம் பழைய டிராக்டர் வைத்திருக்கும் நாலு பேர் கோப்பிக் கடையில் ஒன்றாக உட்கார்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் ரேடியேட்டரில் வந்து நிற்கும். ஒருவர் வண்டி சூடாகிறது என்பார். உடனே இன்னொருவர், “ஃபேனைக் கழற்றித் திருப்பிப் போடுங்கண்ணே, காத்து எதிர்ப்பக்கம் போயிடும்” என்பார். மூன்றாமவர், காற்று வண்டியின் முன்பக்கமாக வெளியே போக வேண்டும், ஓட்டுபவர் பக்கம் வந்தால் யாரோ ஃபேனைத் தப்பாகப் பூட்டிவிட்டார்கள் என்று அடித்துச் சொல்வார். இரண்டு யோசனையும் காதுக்குச் சரியாகத்தான் இருக்கும். இரண்டும் தவறு.

எனக்கு இந்தப் பேச்சு சின்ன வயதிலிருந்தே பழக்கம். அப்பா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். செம்பனைக் குலை ஏற்றிய டிரெயிலரை இழுத்துக்கொண்டு நாளெல்லாம் ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், முழங்காலிலிருந்து பாதம் வரை சூட்டுக் காற்று பட்டுத் தோல் வறண்டு கிடக்கும். அம்மா தேங்காய் எண்ணெய் தடவி விடுவார். “இந்த ஃபேன் காத்தை வேற பக்கம் அனுப்பினா என்ன?” என்று அப்பா கேட்பது வழக்கம். கேள்வி நியாயமானது. அதற்கு ஒழுங்கான பதிலை யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

பல வருடம் கழித்து, நிபோங் திபாலில் இருக்கும் என் சித்தப்பா ஒரு மாஸி ஃபெர்குசன் 135 வாங்கினார். 1964இல் வெளிவந்த வரிசை அது. அவருடையதில் மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் இருக்கிறது. வாங்கிய ஒரு மாதத்தில், யாரோ சொன்னதைக் கேட்டு ஃபேனைக் கழற்றி, முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பிப் பூட்டினார். சூட்டுக் காற்று முன்பு போலவே காலில் அடித்தது. போதாக்குறைக்கு, எஞ்சின் முன்பைவிட அதிகமாகச் சூடானது. ஏன் அப்படி ஆனது என்பதை அடியிலிருந்து சொல்கிறேன்.

## சூடு எப்படி வெளியே போகிறது

டீசல் எரியும்போது கிடைக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு புகைக்குழாய் வழியாகப் போய்விடும். மிச்சத்தில் பெரும்பகுதி எஞ்சினின் இரும்பிலேயே தங்கும். அதை உடனுக்குடன் வெளியே எடுக்காவிட்டால் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சூட்டைச் சுமந்துகொண்டு போவது எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர்.

தண்ணீர் சுமந்து வந்த சூட்டை எங்கே இறக்கி வைப்பது? மாமாக் கடையில் தே தாரிக் ஆற்றுபவரைப் பாருங்கள். ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு நீளமாக ஊற்றும்போது தேநீர் மெல்லிய இழையாகி, அதன் மேல் நிறையக் காற்று படுகிறது. குவளையிலேயே வைத்திருந்தால் ஆறுவதற்கு அரை மணி நேரம் ஆகும். ரேடியேட்டர் என்பதும் தண்ணீரை இழை இழையாகப் பிரித்துக் காற்றுக்குக் காட்டும் பெட்டிதான். ஒரே வித்தியாசம், இங்கே தண்ணீர் காற்றைத் தொடுவதில்லை. மெல்லிய குழாய்களுக்குள் தண்ணீர் ஓடுகிறது. அந்தக் குழாய்களைச் சுற்றி நெருக்கமாக அடுக்கிய உலோகத் தகடுகளுக்கு இடையே காற்று ஓடுகிறது. பட்டறையில் அந்தத் தகடுகளை ஃபின் என்பார்கள்.

எவ்வளவு காற்று வேண்டும் என்பதைத்தான் பலரும் குறைத்து எண்ணுகிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் 1 டிகிரி குளிர வேண்டுமானால், அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும் காற்று சுமார் 3,500 லிட்டர், அதுவும் 1 டிகிரி ஏற வேண்டும். காற்று 20 டிகிரி ஏறலாம் என்று விட்டாலும் 175 லிட்டர் தேவை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு, ஒரே ஒரு டிகிரிக்கு இவ்வளவு. ரேடியேட்டர் வழியாகக் காற்று வெறுமனே கசிந்தால் போதாது, ஆறாகப் பாய வேண்டும்.

தண்ணீர் ஓட்டத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். 1917இல் வந்த ஃபோர்ட்சன் டிராக்டரில் தண்ணீர் பம்பே கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், ரேடியேட்டரில் குளிர்ந்து கீழே இறங்கி மறுபடி எஞ்சினுக்குள் போகும். அதுவே அந்த வண்டிக்குப் போதுமானதாக இருந்தது. காற்று விஷயத்தில் அப்படி விட்டுவிட முடியாது.

சுருக்கமாக, எஞ்சின் சூட்டைத் தண்ணீர் சுமக்கிறது, ரேடியேட்டரில் அதைக் காற்று வாங்கிக்கொள்கிறது, அதற்கு ஏராளமான காற்று வேண்டும்.

## பாலத்தில் போகும் காரும் வயலில் போகும் டிராக்டரும்

பினாங்குப் பாலத்தில் 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஓட்டுகிறீர்கள். நொடிக்கு 22 மீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று ரேடியேட்டர் மேல் வந்து மோதுகிறது. அப்போது ஃபேன் நின்றிருந்தால்கூட வண்டி தாங்கும். பாலத்து நடுவில் நெரிசலில் மாட்டிக்கொண்டால்தான் ஃபேனின் அருமை தெரியும்.

டிராக்டருக்கு வாழ்நாள் முழுக்க அந்த நெரிசல்தான். உழும்போது மணிக்கு 6 கிலோமீட்டர் போகும் வண்டிக்குக் கிடைக்கும் எதிர்க்காற்று நொடிக்கு 1.7 மீட்டர், அதாவது வேகமாக நடக்கும் ஒருவர் முகத்தில் படும் காற்று. ஆனால் எஞ்சின் அப்போதுதான் முழுப் பலத்தோடு உழைத்துக்கொண்டிருக்கிறது. தண்ணீர் இறைக்க வண்டியை ஒரே இடத்தில் நிறுத்தி வைத்தால் அந்த 1.7 மீட்டரும் இல்லை. டிராக்டரில் காற்று என்றாலே அது ஃபேன் கொடுக்கும் காற்றுதான். காரில் இருக்கும் ஃபேன் கொஞ்சம் மோசமாக இருந்தாலும் சமாளித்துவிடலாம், டிராக்டரில் அந்தச் சலுகை இல்லை.

## இழுக்கும் விசிறி, தள்ளும் விசிறி

வீட்டுச் சமையலறையில் புகையை வெளியேற்ற ஒரு ஃபேனும், கூடத்தில் நம் முகத்துக்கு நேராக ஒரு ஃபேனும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே ஒரு சல்லடையைப் பிடித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். சமையலறை ஃபேன் சல்லடை வழியாகக் காற்றை உறிஞ்சும். கூடத்து ஃபேன் சல்லடை மேல் காற்றை ஊதும். ரேடியேட்டரை அந்தச் சல்லடையாக வைத்துக்கொண்டால் இரண்டு வகையும் புரிந்துவிடும்.

முன்னால் ரேடியேட்டர், அதற்குப் பின்னால் ஃபேன், அதற்கும் பின்னால் எஞ்சின். டிராக்டரில் இதுதான் வழக்கமான வரிசை. ஃபேன் வெளிக்காற்றை முன்பக்கத்துக் கம்பி வலை வழியாக உள்ளே வாங்கி, ரேடியேட்டரைத் தாண்டச் செய்து, எஞ்சின் மேல் விட்டால் அது இழுக்கும் விசிறி. எஞ்சின் பக்கத்திலிருந்து காற்றை எடுத்து, ரேடியேட்டர் வழியாக முன்னால் ஊதி வெளியேற்றினால் அது தள்ளும் விசிறி.

வயலுக்கென்று செய்த பழைய டிராக்டர்களில், முன்பக்கம் ரேடியேட்டர் உள்ளவற்றில், இழுக்கும் விசிறியே வழக்கம். சித்தப்பாவின் 135 அப்படித்தான். ஆகவே காற்று ஓட்டுபவர் பக்கம் வருவது பிழை அல்ல, வண்டியைச் செய்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள். கோப்பிக் கடையில் மூன்றாமவர் சொன்னது இங்கேயே விழுந்துவிடுகிறது.

ஏன் அப்படிச் செய்தார்கள்? முதல் காரணம் சூட்டு வித்தியாசம். ரேடியேட்டர் தண்ணீர் 90 டிகிரி, நம் ஊர் வெளிக்காற்று 32 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 58 டிகிரி. இந்த இடைவெளிதான் சூட்டைத் தண்ணீரிலிருந்து காற்றுக்குத் தள்ளும் விசை. இழுக்கும் விசிறி இருந்தால் புதுக் காற்று நேராக ரேடியேட்டருக்கு வருகிறது, 58 டிகிரியும் முழுதாகக் கிடைக்கிறது. தள்ளும் விசிறி இருந்தால் காற்று முதலில் எஞ்சினைத் தடவிக்கொண்டு வரும். வழியில் 10 டிகிரி ஏறிவிட்டால் இடைவெளி 48 ஆகிறது. குளிர்விக்கும் திறனில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு, ரேடியேட்டரைத் தொடுவதற்கு முன்பே போய்விட்டது.

இரண்டாவது காரணம், இந்த வண்டிகள் பிறந்த ஊர். ஃபெர்குசன் டிஇ20 டிராக்டர் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவெண்ட்ரி நகரில் செய்யப்பட்டது. 135இன் மூத்த தலைமுறை அது. அந்த ஊர்க் குளிரில் திறந்த வண்டியில் உட்கார்ந்து உழுபவருக்கு, எஞ்சின் பக்கமிருந்து வரும் வெதுவெதுப்பு ஒரு வரம். அமெரிக்காவில் குளிர்காலத்தில் டிராக்டரின் இரண்டு பக்கமும் கித்தான் துணி கட்டி, எஞ்சின் சூட்டை அப்படியே ஓட்டுபவரிடம் கொண்டுவருவார்கள். அதற்கென்றே தைத்த கித்தான்கள் கடையில் விற்றன. அதே காற்று நம் ஊரில், பகல் பன்னிரண்டு மணி வெயிலில், அப்பாவின் கால் தோலை உரித்தது.

தள்ளும் விசிறிக்கும் நியாயமான இடம் உண்டு. பிறைத் தொழிற்பேட்டையில் ஓடும் ஃபோர்க்லிஃப்டைப் பாருங்கள். எஞ்சினுக்குப் பின்னால் ரேடியேட்டர், அதற்கும் பின்னால் கனமான இரும்பு எடை. ஓட்டுபவர் எஞ்சினுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறார். அங்கே காற்றைப் பின்பக்கமாகத் தள்ளி வெளியேற்றுவதுதான் சரி. பல புல்டோசர்களிலும் தள்ளும் விசிறிதான். முன்னால் மண்ணும் வேரும் புரண்டு வரும்போது அந்தத் தூசியை எல்லாம் உள்ளே இழுக்காமல் இருக்கலாம், ஓட்டுபவர் மேலும் சூடு படாது. அந்த வண்டிகளில் ரேடியேட்டரின் அளவும் அதற்கேற்றபடி கணக்குப் போட்டே வைக்கப்பட்டிருக்கும்.

ஆக, டிராக்டரில் காற்று முன்னிருந்து பின்னால் வருவது சரியான திசை. தள்ளும் விசிறி தவறான பொருள் அல்ல, வேறு வண்டிக்குரிய பொருள்.

## திருப்பிப் போட்டால் ஏன் திரும்புவதில்லை

இனி முக்கியமான இடம். ஃபேனைக் கழற்றி, எஞ்சினைப் பார்த்த முகத்தை ரேடியேட்டரைப் பார்க்கும்படி திருப்பிப் பூட்டினால் காற்றும் திரும்பும் என்று மனம் சொல்கிறது. மேசை ஃபேனைச் சுவர்ப்பக்கம் திருப்பினால் காற்று சுவர்ப்பக்கம் போகிறதே! ஆனால் மேசை ஃபேனைத் திருப்பும்போது நாம் மோட்டாரையும் சேர்த்துத் திருப்பிவிடுகிறோம். டிராக்டரில் ஃபேனைச் சுற்றவைக்கும் எஞ்சின் இருந்த இடத்திலேயே இருக்கிறது, அது சுற்றும் திசையும் மாறவில்லை. இறக்கை மட்டும்தான் திரும்புகிறது.

வலம்புரிச் சங்கைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். நுனியைப் பார்த்துப் பிடியுங்கள், வாயைப் பார்த்துப் பிடியுங்கள், தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். அதன் புரி வலம்புரியாகவே இருக்கும். எப்படித் திருப்பினாலும் அது இடம்புரி ஆகாது. இடம்புரி வேண்டுமானால் வேறு சங்குதான் எடுக்க வேண்டும்.

சங்கு இல்லையென்றால் பட்டறையில் கிடக்கும் ஒரு நட்டை எடுங்கள். போல்ட்டில் மாட்டி வலப்பக்கம் திருகினால் உள்ளே ஏறுகிறது. நட்டைக் கழற்றி, மறுமுகத்தால் மாட்டித் திருகிப் பாருங்கள். அப்போதும் வலப்பக்கம் திருகினால்தான் ஏறும். நட்டைக் கவிழ்த்ததால் மரையின் புரி மாறவில்லை.

ஃபேன் இறக்கையும் ஒரு புரிதான், காற்றுக்குள் திருகிக்கொண்டு போகும் மரையின் சிறு துண்டு. அதைக் கவிழ்த்தாலும் புரி மாறாது. சுற்றும் திசை மாறாதவரை காற்று போகும் திசையும் மாறாது.

இன்னும் சந்தேகம் இருந்தால் ஒரே ஒரு இறக்கையைக் கவனிப்போம். சுற்றும்போது காற்றை முதலில் வெட்டும் ஓரத்தை முன்விளிம்பு என்றும், அதைத் தொடர்ந்து வரும் ஓரத்தைப் பின்விளிம்பு என்றும் சொல்லலாம். இழுக்கும் விசிறியில் முன்விளிம்பு ரேடியேட்டர் பக்கமாகவும், பின்விளிம்பு எஞ்சின் பக்கமாகவும் சாய்ந்திருக்கும். இறக்கை நகர நகர, ரேடியேட்டர் பக்கம் மாட்டிய காற்று சாய்வில் வழுக்கி எஞ்சின் பக்கம் தள்ளப்படுகிறது. இப்போது ஃபேனைக் கவிழ்க்கிறோம். இரண்டு மாற்றம் ஒரே சமயத்தில் நடக்கிறது. ரேடியேட்டர் பக்கம் இருந்த ஓரம் எஞ்சின் பக்கம் போகிறது. கூடவே, இடப்பக்கம் இருந்த ஓரம் வலப்பக்கம் போகிறது, அதாவது பழைய முன்விளிம்பு இப்போது பின்விளிம்பு. இரண்டு மாற்றமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, புது முன்விளிம்பு மறுபடியும் ரேடியேட்டர் பக்கமே வந்து நிற்கிறது. ஒரு தடிமனான அட்டையில் இறக்கை வெட்டி, லேசாக முறுக்கிச் செய்து பாருங்கள். ஐந்து நிமிடத்தில் கண்ணுக்கே தெரியும்.

அப்படியானால் சித்தப்பாவின் வண்டி முன்பைவிட ஏன் அதிகமாகச் சூடானது? இறக்கை தட்டையான தகடு அல்ல. கை குவித்துத் தண்ணீர் அள்ளுவது போல, ஒரு பக்கம் குழிந்தும் மறுபக்கம் புடைத்தும் இருக்கும். குழிந்த பக்கம்தான் காற்றைத் தள்ள வேண்டும், இழுக்கும் விசிறியில் அது எஞ்சினைப் பார்த்திருக்கும். கவிழ்த்துப் போட்டால் புடைத்த பக்கம் தள்ளும் வேலைக்கு வருகிறது. புறங்கையால் தண்ணீர் அள்ளிப் பார்த்தால் தெரியும். திசை அதே திசை, அள்ளுவது கொஞ்சம்தான். இறக்கையின் முதுகை ஒட்டிப் போக வேண்டிய காற்று பிய்த்துக்கொண்டு சுழலும், இரைச்சல் கூடும், ரேடியேட்டர் வழியாகப் போகும் காற்று குறையும்.

இதோடு இன்னொரு ஆபத்தும் உண்டு. ஃபேனின் நடுப்பகுதி பெரும்பாலும் இறக்கைகளின் நேர்க்கோட்டில் இருக்காது, ஒரு பக்கம் தள்ளியே இருக்கும். கவிழ்த்தால் இறக்கைகள் ரேடியேட்டரை நெருங்கலாம் அல்லது விலகலாம். சித்தப்பாவுடையது நெருங்கிவிட்டது. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கிக் குலுங்கியபோது இறக்கை நுனி ஃபின் தகடுகளில் உரசி ஒரு வட்டமே போட்டுவிட்டது. நல்லவேளை, குழாய் ஓட்டையாகவில்லை.

இதுவரை பார்த்ததில், கவிழ்த்தால் காற்றின் அளவு குறையும், திசை மாறாது. இந்த ஒன்று தெளிவானால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

## காற்றை உண்மையில் திருப்புபவை

வழி இரண்டுதான். ஃபேன் சுற்றும் திசையை மாற்ற வேண்டும், அல்லது எதிர்ப்புரி உள்ள ஃபேனைப் பூட்ட வேண்டும்.

எஞ்சின் சுற்றும் திசையை மாற்ற முடியாது. பெரும்பாலான எஞ்சின்கள், முன்னால் நின்று பார்த்தால், வலஞ்சுழியாக, அதாவது கடிகார முள் போகும் திசையில் சுற்றும். பழைய வண்டிகளில் முன்னால் கைப்பிடி போட்டுச் சுழற்றிய திசையும் அதுவே. ஃபேன் அதே எஞ்சினோடு பெல்ட்டால் பிணைக்கப்பட்டிருப்பதால் அதுவும் அதே பக்கம் சுற்றும். பழைய அரிசி ஆலைகளில் தட்டையான பெல்ட்டை எட்டுப் போலக் குறுக்கே மாட்டி, சுழற்சியைத் திருப்பியிருக்கிறார்கள். ஃபேனில் இருக்கும் ஆப்பு வடிவப் பெல்ட்டில் அது நடக்காது. கார்களில் போடும் 12 வோல்ட் மின்சார ஃபேனைச் சிலர் டிராக்டரில் பொருத்துகிறார்கள். அந்தச் சாதாரண மோட்டாரில் இரண்டு ஒயரையும் மாற்றிக் கொடுத்தால் அது எதிர்ப்பக்கம் சுற்றும், காற்றும் உண்மையாகவே திரும்பும். அப்போதும் இறக்கையின் குழிவு தப்பான பக்கம் இருப்பதால் காற்று குறைவாகவே வரும். மின்சார ஃபேன் பூட்டிய பிறகு சூடு கூடினால் முதலில் ஒயரைப் பாருங்கள்.

இறக்கைகளே தங்கள் அச்சில் திரும்பி, சாய்வை மாற்றிக்கொள்ளும் ஃபேன்களும் இருக்கின்றன. இப்போது வரும் பெரிய அறுவடை இயந்திரங்கள், டிராக்டர்கள் சிலவற்றில் அவற்றைப் பொருத்துகிறார்கள். வேலைக்கு நடுவே சில நொடிகள் காற்றைத் திருப்பி, வலையில் ஒட்டிய வைக்கோல் தூசியை ஊதித் தள்ளிவிட்டு, பழைய திசைக்குத் திரும்பிவிடும். அங்கே கவிழ்வது முழு ஃபேன் அல்ல, ஒவ்வொரு இறக்கையின் சாய்வு என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாவது வழியில், அதாவது எதிர்ப்புரி ஃபேனில், சித்தப்பா தெரியாமலேயே போய் விழுந்தார். உரசியதில் இறக்கை வளைந்துவிட்டது. பழைய சாமான் விற்கும் ஒரு கடையில் போல்ட் ஓட்டை பொருந்தும் ஒரு ஃபேன் கிடைத்தது. பூட்டி ஓட்டினார். காலில் சூடே இல்லை! அன்று சாயங்காலம் தொலைபேசியில் அழைத்து, “பார்த்தியாடா, புது ஃபேன்ல காத்து முன்னாடி போகுது, கால் ஜில்லுனு இருக்கு” என்று சந்தோஷப்பட்டார். மூன்றாம் நாள் டிரெயிலரோடு மேட்டில் ஏறும்போது தண்ணீர் கொதித்து மூடி வழியாகப் பீறிட்டது.

அந்த ஃபேன் ஒரு ஃபோர்க்லிஃப்டிலிருந்து வந்தது. பெர்கின்ஸ் எஞ்சின் டிராக்டரிலும் இருக்கும், ஃபோர்க்லிஃப்டிலும் இருக்கும், ஓட்டை பொருந்துவதில் ஆச்சரியம் இல்லை. எஞ்சின் சுற்றும் திசை ஒன்றேதான், ஆனால் இறக்கையின் புரி எதிர்ப்புரி. காற்று எஞ்சினைத் தடவிச் சூடாகி ரேடியேட்டருக்குப் போனது. முன்னால் ஊதிய சூட்டுக் காற்றுக்குள்ளேயே வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. பின்சக்கரம் கிளப்பிய தூசியையும் எஞ்சின் பக்கமிருந்து ஃபேன் வாரிக்கொண்டது. ஓட்டுபவர் குளிர்ந்தார், எஞ்சின் வெந்தது.

## உங்கள் வண்டியில் எப்படிப் பார்ப்பது

சாமியறையில் இருக்கும் ஊதுபத்தி போதும். எஞ்சினை நிதானமான வேகத்தில் ஓட விட்டு, முன்பக்க வலைக்கு ஒரு சாண் தள்ளிப் பத்தியைப் பிடியுங்கள். புகை வலைக்குள் இழுபட்டால் இழுக்கும் விசிறி, உங்கள் பக்கம் விரட்டப்பட்டால் தள்ளும் விசிறி. பத்தி இல்லையென்றால் ஒரு செய்தித்தாள் துண்டை வலை மேல் வையுங்கள். இழுக்கும் விசிறி அதை வலையோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். வலையின் நாலு மூலையிலும் ஒட்டிப் பாருங்கள். ஒரு மூலையில் தாள் நிற்காமல் விழுந்தால் அந்த இடத்தில் ஃபின் அடைத்திருக்கக்கூடும். எஞ்சின் ஓடும்போது பானெட்டைத் திறந்து ஃபேன் பக்கம் கையோ துணியோ கொண்டுபோக வேண்டாம். தொங்கும் துண்டையும் சாரோங் நுனியையும் அது ஒரு நொடியில் வாரிக்கொள்ளும்.

பழைய சாமான் கடையில் ஃபேன் வாங்கும்போது ஊதுபத்தி உதவாது, கண்தான் உதவ வேண்டும். முதலில் உங்கள் எஞ்சின் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். எஞ்சினை நிறுத்தும் குமிழை இழுத்துப் பிடித்தபடி ஸ்டார்ட்டரை ஒரு நொடி மட்டும் அழுத்தி, தள்ளி நின்று ஒருவரைப் பார்க்கச் சொன்னால் தெரிந்துவிடும். பிறகு கடையில், ஃபேனின் புடைத்த முகத்தை உங்களை நோக்கிப் பிடியுங்கள். நீங்கள் ரேடியேட்டர் இருக்கும் இடத்தில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் எஞ்சின் வலஞ்சுழியாகச் சுற்றுவதானால், மேலே இருக்கும் இறக்கை வலப்பக்கம் நகர்வதாகக் கற்பனை செய்யுங்கள், அதுதான் வலஞ்சுழி. வலப்பக்க ஓரம் உங்களை நெருங்கியும் இடப்பக்க ஓரம் விலகியும் இருந்தால் அது உங்கள் வண்டிக்கான இழுக்கும் விசிறி. மாறியிருந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

## திசை சரி, ஆனாலும் சூடு

என் அனுபவத்தில் பத்தி சோதனை செய்தவர்களில் பலருக்குத் திசை சரியாகவே இருந்தது. குறை வேறெங்கோ.

ஃபேனைச் சுற்றி ரேடியேட்டரோடு பொருந்தும் ஒரு தகட்டு வளையம் இருக்க வேண்டும். அதை ஷ்ரௌட் என்பார்கள். ஓட்டைக் குழலில் பானம் உறிஞ்சினால் பக்கத்துக் காற்றுதான் வாய்க்கு வரும் இல்லையா, ஷ்ரௌட் இல்லாத ஃபேனும் அப்படித்தான். ரேடியேட்டர் வழியாக இழுப்பதற்குப் பதில், பக்கத்தில் இருக்கும் சூட்டுக் காற்றையே எடுத்துச் சுழற்றும். பழைய வண்டிகளில் இது துருப்பிடித்து விழுந்திருக்கும், அல்லது ரேடியேட்டர் மாற்றும்போது யாரோ கழற்றி வைத்துவிட்டு மறந்திருப்பார்கள். ரேடியேட்டரின் ஓரங்களை அடைக்கும் தகடுகளும் பஞ்சுப் பட்டைகளும் அதே மாதிரிதான். அவை இல்லாவிட்டால் பின்னால் போன சூட்டுக் காற்று ஓரமாகச் சுற்றி வந்து மறுபடி முன்னால் நுழையும். நான் பார்த்த வண்டிகளில் அதிகம் காணாமல் போயிருப்பது இவைதான். செலவும் மிகக் குறைவு.

பெல்ட் தளர்ந்திருந்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றும். ஃபேன் வேகம் பாதியானால் காற்றும் பாதியாகும். பெல்ட் ஓடும் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் பெல்ட் சுமார் அரை அங்குலம் இறங்கினால் சரி.

கழுவும் திசையும் காற்றின் திசையைப் பொறுத்தது. இழுக்கும் விசிறியில் லாலாங் புல்லின் பூவும் செம்பனை நாரும் தூசியும் முன்பக்கமாக வந்து ஒட்டும். முன்னாலிருந்தே தண்ணீர் அடித்தால் அவை இன்னும் உள்ளே போய் இறுகிக்கொள்ளும். எஞ்சின் ஆறிய பிறகு, எஞ்சின் பக்கமிருந்து முன்னோக்கி, மிதமான வேகத்தில் அடிக்க வேண்டும். வேகம் அதிகமானால் ஃபின் மடங்கிவிடும்.

வண்டியை ஒரே இடத்தில் நிறுத்தித் தண்ணீர் இறைப்பதானால், முகத்தைக் காற்று வரும் பக்கம் பார்த்து நிறுத்துங்கள். பின்னாலிருந்து கடற்காற்று அடித்தால் ஃபேன் அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், வெளியேறிய சூடும் முன்பக்கம் வந்து சேரும்.

கொதிக்கும்போது மூடியை மட்டும் திறக்காதீர்கள். 7 பிஎஸ்ஐ அழுத்தம் தாங்கும் மூடி இருந்தால் உள்ளே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, சுமார் 111 டிகிரி வரை பொறுத்திருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய், அவ்வளவு தண்ணீரும் ஒரே சமயத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும். மேல் குழாயைக் கையால் தொட்டுப் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறும்வரை காத்திருங்கள்.

சித்தப்பா கடைசியில் 135க்கே உரிய ஃபேனைத் தேடி வாங்கிப் பூட்டினார். ஷ்ரௌட் இல்லாமல் இருந்தது, அதை வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்தோம். வண்டி இப்போது மேட்டிலும் கொதிப்பதில்லை. காலில் படும் சூட்டுக்கு ஃபேனைத் தொடாமலே வழி கண்டோம். எஞ்சினுக்கும் கால் வைக்கும் இடத்துக்கும் நடுவே, காற்று வெளியேறும் வழியை அடைக்காமல், இரண்டு பக்கமும் கீழ்நோக்கி வளைத்த தகடு ஒன்றைப் பூட்டினோம். வரும் காற்று அதில் பட்டுப் பக்கவாட்டில் இறங்கிப் போகிறது. போன தீபாவளிக்கு அப்பாவை ஏற்றி ஓட்டச் சொன்னேன். தோட்டத்துப் பாதையில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு இறங்கியவர், குனிந்து காலைத் தடவிப் பார்த்துக்கொண்டார். “அப்பவே யாராச்சும் இந்தத் தகட்டை வெச்சிருக்கலாம்பா” என்றார்.